ரொட்டியும் கம்பியும்

தோட்டத்து ரொட்டியைத் தின்றறியாத வாசகர்களுக்கு அதைப்பற்றி முதலில் சிறிது சொல்லியாக வேண்டும். கோதுமை மாவுடன் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, தண்ணீரை அளவாக விட்டு இறுகப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, இரும்புக் கல்லில் இருபுறமும் கரும்புள்ளி விழும்வரை சுட்டெடுப்பது அது. ஒரு ரொட்டி ஏறக்குறையச் சுண்டுவிரல் தடிப்பு இருக்கும். சுட்ட சூட்டோடு தின்பவர்களுக்கு அது மிருதுவான பண்டமே. ஆனால் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் ஏது? விடியற்காலை நான்கு மணிக்குச் சுட்டுத் துணியில் சுற்றி எடுத்துச் சென்ற ரொட்டியைத் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று தின்னும் வேளை வருமுன் அது ஆறி, விறைத்து, செருப்புத் தோலுக்குத் தம்பியாகிவிடும். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் மாசியும் சேர்த்து இடித்த கட்டைச் சம்பலை அதில் தடவி, கடைவாயில் ஒதுக்கி, கையால் இழுத்துப் பிய்த்துத் தின்ன வேண்டும். தாடைக்கு வேலை கொடுக்கும் ஆகாரமே வயிற்றில் நெடுநேரம் நிற்கும் என்பது எங்கள் தோட்டத்துப் பெண்களின் வைத்திய சாஸ்திரம்.

இத்தகைய ரொட்டியைத் தின்று வளர்ந்த வாயில்தான் 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி, திங்கட்கிழமை, கம்பி பூட்டினார்கள்.

தலவாக்கலை நகரிலிருந்து மூன்று கட்டைத் தூரத்திலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் எங்கள் வீடு. நான் அப்பொழுது உயர்தர வகுப்பின் முதலாம் ஆண்டில் பயின்றுகொண்டிருந்தேன். என் மேல்வரிசையில் வேட்டைப்பற்கள் இரண்டும் இடங்கிடையாமல் ஈற்றின் மேற்புறத்தில் ஏறி நின்றன. அவற்றினடியில் முன்பற்கள் ஒன்றன்மேலொன்று சாய்ந்திருந்தன. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அழகுக்காக மாத்திரம் இதைச் செய்துகொண்டதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. சந்துகளில் புகுந்த உணவு தூரிகைக்கு எட்டாமற் போய், இரு பற்களில் சொத்தை விழத் தொடங்கியிருந்தது. பாடசாலைக்கு வந்த பல் சிகிச்சையாளர் அதைக் கண்டு கடிதம் கொடுத்தார். அக்கடிதம் படிப்படியாக எங்களைப் பேராதனைப் பல் வைத்தியசாலை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

அரசாங்க வைத்தியசாலையாதலால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் வேறு வழியில் வந்தது. அம்மா கொழுந்தெடுப்பவள். ஒருநாள் என்னோடு பேராதனைக்கு வந்தால் அன்றைய பேர் போயிற்று. தோட்டத்தில் நாட்கூலியைப் ‘பேர்’ என்றே சொல்வோம். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ என்பதும் உண்டு. அவ்வாண்டு அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். கூட்டு ஒப்பந்தம் ஒக்டோபர் நடுப்பகுதியில் முடிவடைந்து, ஆயிரம் ரூபாய் கேட்டு மலைநாடெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. இருந்தும் அம்மா ஒருநாளாவது முணுமுணுத்ததில்லை. முணுமுணுத்ததெல்லாம் அம்மாயிதான்.

கம்பி பூட்டுமுன், இடம் உண்டாக்குவதற்காக நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டார்கள். நான்கும் முத்துப்போன்ற பற்கள். அம்மாயி அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்ல பல்லப் புடுங்கிப்புட்டுக் கோணப் பல்லுக்குக் கம்பி கட்டுறானுங்களா? இது என்னாடி வைத்தியம்?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. அவளுடைய காலத்தில் பல்லுக்கு இருந்த வைத்தியம் இரண்டே. வலித்தால் கிராம்பு; பொறுக்க முடியாமற் போனால் குறடு. அறுபது வயதிற்குள் வாய் முழுவதும் வெறுமையாகிவிட்டது. பல்லைக் காப்பதற்காகப் பிரயாணம் செய்யலாம் என்பது எங்கள் லயத்துக்கே புதிய செய்தி.

கம்பியைப் பூட்டிய டொக்டர் இளவயதுப் பெண்மணி. ஒவ்வொரு பல்லிலும் சிறு உலோகக் கட்டியொன்றை ஒட்டி, அவற்றின் பள்ளங்களினூடே மெல்லிய கம்பியைச் செலுத்தி, சின்னஞ்சிறு ரப்பர் வளையங்களால் கட்டினார். பின்பு, கடலை, முறுக்கு, கரும்பு, கொய்யாக்காய், எலும்பு, பச்சைக் கரட், ஒட்டும் இனிப்பு வகைகள் ஆகிய யாவும் கூடாது என்று ஒப்புவித்தார். “ரொட்டி?” என்று அம்மா கேட்டாள். டொக்டர் சற்றே யோசித்து, “மென்மையானதென்றால் சிறு துண்டுகளாக்கிச் சாப்பிடலாம்” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் மென்மையான ரொட்டி என்று ஒன்று அதுவரை பிறந்ததில்லை.

மத்தியானக் கோச்சியில் திரும்பினோம். நாவலப்பிட்டி தாண்டியதும் பருப்பு வடையும் கடலையும் விற்பவர்கள் கூடையோடு ஏறினார்கள். யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாளில் சுருட்டிய கடலைப் பொட்டலம், எதிர் ஆசனத்தில் இருந்தவரின் மடியில் பிரிந்தது. எனக்கு அப்பொழுது வலி எள்ளளவும் இல்லை. வாய்க்குள் அந்நியமான ஏதோ குடியேறியிருக்கும் உணர்ச்சி மாத்திரமே. ‘இவ்வளவுதானா?’ என்று எண்ணியிருந்தேன். ஹட்டன் கடந்து சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுக்குள் வண்டி நுழைந்தபோது முதல் வலி வந்தது. அது குத்தும் வலியன்று. பற்கள் யாவையும் ஒரு கை சேர்த்துப் பிடித்து மெதுவாக நெருக்குவது போன்ற வலி. கொட்டகலை கடந்து சென்கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்துக்கு வந்தபோது மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றையொன்று தொடுவதே எனக்குப் பொறுக்கவில்லை.

இதன் காரணத்தை நான் பின்னர்தான் படித்தறிந்தேன். பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டிருப்பதில்லை. அதன் வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் ஒன்றிருக்கிறது. அந்தப் படலத்தில் தொங்கியபடிதான் பல் நிற்கிறது. கம்பி நெருக்கும்போது ஒருபுறம் படலம் நசுங்க, அப்பக்கத்து எலும்பைச் சில உயிரணுக்கள் மெல்ல மெல்லக் கரைக்கின்றன. மறுபுறம் படலம் இழுபட, அங்கே வேறு உயிரணுக்கள் புதிய எலும்பை வைக்கின்றன. இவ்வாறு பல் தன் வீட்டையே இடித்துக் கட்டிக்கொண்டு நகர்கிறது. நசுங்கிய படலம் வீங்கி நோவதால், கம்பி பூட்டிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும். மறுநாள் உச்சத்தை அடையும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும்.

கம்பியின் கதையும் சுவையானது. என் வாயிலிருந்த முதற் கம்பி நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடமொன்றில் 1960ஐ அடுத்த ஆண்டுகளில் இவ்வுலோகத்தின் விநோத குணம் வெளிப்பட்டது. வளைத்தாலும் சூடேறியதும் தன் பழைய வடிவத்தை நினைவுகூர்ந்து திரும்பிவிடும். 1970களில் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் அண்ட்ரியாசன் இதைப் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் வந்த வகைகளில் வாயின் வெப்பத்திலேயே கம்பி இறுகும். குளிர்ந்தால் சிறிது தளரும். தலவாக்கலைக் குளிரில் இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. காலையில் சுடச்சுடப் பிளேன்டீயை வாயில் வைத்தால் பற்கள் முழுவதும் இறுகும். முற்றத்துப் பீலியில் விழும் பனிக்கட்டி போன்ற நீரை வாயில் கொப்பளித்தால் பிடி தளர்ந்து ஒரு நிமிடம் சொர்க்கம். தேயிலை விளையும் ஊரில் பிறந்து, தேநீரைப் பகைவனாகவும் பச்சைத் தண்ணீரை நண்பனாகவும் கொள்ள நேர்ந்தது.

முதல் இரவு சோறும் பருப்பும். பருப்பு உள்ளே போயிற்று, சோறு நின்றுவிட்டது. சோற்றைக்கூட மெல்ல வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாம் நாள் காலை, வழக்கமான ரொட்டியில் நகமளவு பிய்த்துக் கடைவாயில் வைத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மா மலைக்குப் போகும் அவசரத்தில் செய்வதறியாது நின்றாள். பிரட்டுக் களத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அப்பொழுது அம்மாயி அடுப்படியிலிருந்து, “நீ போ தாயி, இவள நான் பாத்துக்கிறேன். பல்லு இல்லாதவளுக்குத் தெரியாததா?” என்றாள்.

உண்மையில் எங்கள் வீட்டில் இவ்விஷயத்தில் பாண்டித்தியம் பெற்றவள் அவள் ஒருத்தியே. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் எவ்வாறு சாப்பிடுகிறாள் என்பதை நான் கவனித்ததேயில்லை. அவளுடைய தட்டு எப்பொழுதும் எங்களுக்குப் பிந்தியே போடப்பட்டது. ரொட்டியின் கருகிய மேற்புறத்தைக் கத்தியால் சுரண்டி நீக்கி, நடுப்பாகத்தைப் பிய்த்து, ஆறிய பருப்புக் கறியில் கால்மணி நேரம் ஊறவைத்தாள். மாசிச் சம்பலுக்குப் பதிலாகச் சொதி. நண்பகலுக்குக் குரக்கன் களி. “களிய மெல்லக் கூடாதுடி. உருட்டிக் கொழம்புல தோச்சு முழுங்கணும், மென்னா அது களிக்கே அவமானம்” என்பாள். நுவரெலியா உருளைக்கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பாலில் மசித்தது, பூசணிக்காய், பப்பாசி, முட்டை, ஊறிய இடியப்பம் என்று அவளுடைய பட்டியல் நீண்டது. ஒரு மாலை மரவள்ளிக்கிழங்கை மெழுகுபோல அவித்துப் பிசைந்துகொண்டே, 1970களில் அரிசிக்கும் மாவுக்கும் பஞ்சம் வந்து தோட்டங்களில் ஜனங்கள் பட்டினியால் மடிந்த நாட்களில் இந்தக் கிழங்கைத் தின்று கிடந்ததைச் சொன்னாள். அன்று அவளுக்குப் பற்கள் எல்லாம் இருந்தன, கடிக்கத்தான் ஒன்றுமில்லை. இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலியைவிடப் பெரிய தொல்லை பசி. இதை அனுபவித்தவர்கள் மாத்திரமே அறிவர். ஊறவைத்ததும் கரைத்ததும் வயிற்றை நிரப்புகின்றன, ஆனால் நிற்பதில்லை. இரண்டாம் பாட நேரத்திலேயே வயிறு கூவத் தொடங்கிவிடும். கன்னத்தின் உட்புறம் கட்டிகளில் உராய்ந்து புண்ணாகி, மிளகாய் பட்டால் தீயாய் எரிந்தது. டொக்டர் கொடுத்த மெழுகை உருட்டிக் கட்டியின்மேல் அப்பி, வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளித்து வந்ததில் அது ஆறிற்று. தேங்காய்ப்பூ மாத்திரம் தீராப் பகையாயிற்று. கம்பிக்கும் பல்லுக்கும் இடையில் அது பின்னிக்கொண்டால், இதற்கென்றே உள்ள சிறு தூரிகையால் ஒவ்வொரு இடுக்காகத் துலக்க வேண்டும். பாடசாலை இடைவேளை இருபது நிமிடம்; அதில் பாதி குழாயடியில் கழியும். தோழிகள் சிலர் ‘கம்பி வேலி’ என்று பெயர் வைத்தார்கள். அதுவும் பொருத்தமாகவே இருந்தது. கறி மஞ்சளின் சாயமேறி ரப்பர் வளையங்கள் பத்தே நாளில் மஞ்சளாகிவிட்டன. தேயிலைச் சாயத்தின் பங்கும் அதில் உண்டு.

ஒன்பதாம் நாள் தீபாவளி. தோட்டத்தில் தீபாவளி எப்படியென்று தெரிந்தவர்களுக்கு என் நிலைமை விளங்கும். முற்பணம் வாங்கி, மாவு இடித்து, லயம் முழுவதும் எண்ணெய்ச் சட்டி வாசம் இரண்டு நாள் வீசும். ஒவ்வொரு காம்பிராவிலிருந்தும் தட்டு வரும். நாங்களும் தட்டு அனுப்ப வேண்டும். தட்டு கொண்டு வருபவர்கள் முன்னால் ஒரு வாய் தின்னாவிட்டால் மனத்தாங்கல். முறுக்கு, சீப்புப் பணியாரம், பயற்றம் பணியாரம் என்று ஒவ்வொன்றும் என் வாய்க்கு எதிராகவே சதி செய்து பிறந்தது போலிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை, “என்னா புள்ள, எங்க வீட்டு முறுக்கு ஆகாதா?” என்று கேட்டேவிட்டாள். நான் வாயைத் திறந்து கம்பியைக் காட்டினேன். பொத்திக்கொள்ளாமல் வாயைத் திறந்து காட்டியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அம்மாயி என்னைத் தன் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்தாள். முறுக்குகளை ஒரு துணியில் முடிந்து, வெற்றிலை இடிக்கும் சிற்றுரலின் உலக்கையால் நொறுக்கி, கிண்ணத்தில் கொட்டி, ஆறிய பால் தேநீரை ஊற்றினாள். ஐந்து நிமிடத்தில் அது எள்ளும் நெய்யும் மணக்கும் ஒருவகைக் கூழாயிற்று. இரண்டு கரண்டிகள் போட்டாள். பல வருடங்களாகத் தீபாவளிக்குத் தீபாவளி அவள் மூலையில் உட்கார்ந்து தனியே தின்ற பண்டம் அது. அவ்வருடம் கிண்ணத்துக்கு இரண்டு பேர். நொறுங்காத முறுக்கைவிட அதுவே சுவையானது என்று நான் சொன்னால் முகஸ்துதியாகும், முறுக்கு முறுக்குத்தான். ஆனால் கிண்ணம் காலியாகும்வரை நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

இதற்கிடையில் அம்மா ஒரு புதிய ரொட்டியைக் கண்டுபிடித்திருந்தாள். வெந்நீரும் தேங்காய்ப்பாலும் விட்டுத் தளரப் பிசைந்து, மெல்லியதாகத் தட்டி, கல்லில் சற்று நேரமே போட்டு எடுத்து, ஈரத் துணியில் மூடிவைப்பாள். மாலைவரை பஞ்சுபோலிருக்கும். அதற்காக அவள் அரைமணி நேரம் முந்தி எழ வேண்டியிருந்தது. ஏனெனில் வீட்டாருக்குப் பழைய ரொட்டி, எனக்குப் புதியது என்று இருவகை சுட வேண்டும். நவம்பர் நடுவில் ஒருநாள் விடியற்காலை மின்சாரம் இல்லை. இருட்டில் பொட்டலங்கள் மாறிவிட்டன. இடைவேளையில் நான் பிரித்தபோது உள்ளே இருந்தது மலைக்குப் போகும் ரொட்டி. சிற்றுண்டிச்சாலையில் ஒரு தேநீர் வாங்கி, அதில் தோய்த்துத் தோய்த்து ஒன்றில் பாதியைத் தின்று முடித்தேன். மூன்று வாரம் கழித்து வாயில் பட்ட அந்தச் சுவை தேவாமிர்தமாக இருந்தது.

மலையில் நிலைமை வேறாயிற்று. மாலையில் அம்மா திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது. பத்தரை மணிக்கெல்லாம் பசி வந்து, செங்குத்தான மேட்டில் கால் நடுங்கி, கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்துவிட்டாளாம். அன்று நிறை குறைந்து அரைப்பேர். “அந்தப் பஞ்சு ரொட்டியத் தின்னுப்புட்டு மல ஏற முடியுமாடி?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் அந்தத் தடித்த ரொட்டியை அதுவரை வறுமையின் அடையாளமாகவே எண்ணி வந்திருந்தேன். பட்டணத்துத் தோழிகளின் முன் அதைப் பிரிக்கக் கூசியதும் உண்டு. அது அப்படிச் சுடப்படுவதற்குக் காரணம் சமையல் தெரியாமையன்று. நிறுவையில் தராசுத் தட்டு இறங்க வேண்டுமே!

மறுதடவை பேராதனைக்குப் போனது டிசம்பரில். சம்பளக் கோரிக்கைக்காகத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள். போவதற்குப் பேரும் இல்லை, போனால் இழப்பும் இல்லை என்று அம்மா நொந்த சிரிப்புச் சிரித்தாள். (அடிப்படைச் சம்பளம் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 700 ஆயிற்று, ஆயிரம் என்பது 2021இல் தான் வந்தது.) அம்மாயியும் எங்களுடன் புறப்பட்டாள். கோச்சி பார்த்து வெகுநாளாயிற்று என்பது அவள் சொன்ன காரணம். எனக்குச் சற்றே தடித்த புதுக் கம்பியை மாற்றினார்கள். இம்முறை வலி எப்பொழுது வரும், எப்பொழுது போகும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் பாதிப் பயம் போய்விட்டது.

நான் எழுந்ததும் அம்மாயி டொக்டரின் முன்னால் போய் நின்று, “அம்மா, கம்பி கட்டுறதுக்கு எனக்குப் பல்லு இல்ல. பல்லே கட்டுவீங்களா?” என்று கேட்டாள். டொக்டருக்குத் தமிழ் சிறிதளவே தெரியும்; ஆயினும் விளங்கிவிட்டது. மாணவ வைத்தியர்கள் பயிலும் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே முதலில் அவளது கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் வெகுநேரம் பார்த்தார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வாய்களில் புற்று வருவதுண்டு என்பதால், பல் செட்டுக்கு முன் அதைப் பார்ப்பார்களாம். புற்று ஏதும் இல்லை. வெற்றிலையை விடச் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலின் பொருள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அளவெடுத்து, மெழுகில் கடிக்கவைத்து, நாலைந்து முறை போய்வந்தபின் 2019இல் பல் செட் வந்தது. அப்பொழுது நான் அவளுக்குக் குருவானேன். சிறு துண்டாக வெட்டு, இருபுறமும் சமமாக மெல்லு, முதலில் மெதுவான பண்டம், புண் வந்தால் உப்புநீர் என்று அவள் எனக்குச் சொன்னதும் டொக்டர் எனக்குச் சொன்னதும் கலந்து நான் அவளுக்குச் சொன்னேன். இரண்டு வாரம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, செட் வாயில் இருந்தால் ரொட்டியின் ருசி தெரியவில்லை என்று தீர்ப்புக் கூறிவிட்டாள். அன்று முதல் அது அலமாரியில் ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் தண்ணீரில் இருந்தது.

ஆனால் கல்யாணம், காதுகுத்து என்றால் தவறாமல் அணிந்துகொள்வாள். வாசலில் வரவேற்கிறவர்களிடமெல்லாம் வாய் நிறையச் சிரிப்பாள். புகைப்படத்துக்கு முன்வரிசையில் நிற்பாள். பந்திக்கு அழைத்ததும் ஒரு பக்கமாகத் திரும்பிச் செட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, இலையின் முன் உட்கார்ந்து, சாம்பாரைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றச் சொல்வாள்.